பலகை நிழல்

ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் ஒரு புல்வெளி இருந்தாக வேண்டும் என்று எங்கள் நகரியத்தில் ஆணை வந்தபோது ஒருவரும் அதை எதிர்க்கவில்லை. எதிர்க்க வேண்டுமென்றால் முதலில் படிக்க வேண்டும். ஆணை தலையணை கனத்தில் இருந்தது. வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்த ஊழியரே, தானும் அதைத் திறந்து பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தார். ஆகவே மக்களின் ஏகமனதான ஆதரவு கிடைத்துவிட்டதாக மறுநாள் அறிவித்துவிட்டார்கள்.

ஆணை பிறந்த கதை சுருக்கமானது. முகப்புப் பசுமை மேம்பாட்டுத் துறையின் இயக்குநர், புல்வெளிகளை ஆராய்வதற்காகக் குடும்பத்தோடு ஒரு குளிர்நாட்டுக்குப் போயிருந்தார். அந்த நாட்டில் வருஷத்தில் பாதி பனி கொட்டும், மீதிப் பாதி தூறல் போடும். அங்கே புல்லுக்கு வளர்வதைத் தவிர வேறு வேலை கிடையாது. இயக்குநர் அதன்மேல் ஒருக்களித்துப் படுத்து, தலைக்குக் கையை முட்டுக் கொடுத்துக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் அந்தப் படத்தை அலுவலகச் சுவரில் மாட்டி, நம் நகரியமும் இப்படி ஆக வேண்டும் என்று கீழே எழுதச் சொன்னார். எங்கள் ஊர் வெயில் காலையிலேயே ஆளைத் தேடிக்கொண்டு வந்துவிடும் என்பதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. அவருடைய அறையில் குளிர்சாதனம் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த ஆணை பிடித்திருந்தது. நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்ததே வாசலில் கொஞ்சம் மண் இருந்ததற்காகத்தான். அதற்கு முன் ஐந்தாவது மாடியில் இருந்தோம். என் மகள் பிறந்தது முதல் ஓடுகள் பதித்த தரையையும் பால்கனிக் கம்பியையும் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அவள் நடக்கப் பழகுகிற நேரத்தில் காலுக்குக் கீழே மண் இருக்க வேண்டும், விழுந்தால் முட்டியில் மண் ஒட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் மாடியை விட்டு இறங்கினோம், எங்கள் கைக்கு மீறிய வாடகைக்கும் தலையாட்டினோம். மண்ணே நல்லது, புல் என்றால் இன்னும் மெத்தென்று இருக்கும் என்று நான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் போயிற்று.

புல் லாரியில் வந்தது, பாய் போலச் சுருட்டி அடுக்கியிருந்தார்கள். காலையில் பிரித்து விரித்தார்கள், மதியத்துக்குள் தெரு முழுக்கப் பச்சை. சாயங்காலம் பலகை வந்தது.

பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தகரத்தில் செய்தது, கட்டில் அகலம் இருக்கும். கார்களில் போகிறவர்கள் மட்டுமல்ல, மாடிகளில் நிற்கிறவர்களும் பார்க்க வேண்டும் என்பதற்காக அதை நிமிர்த்தி வைக்காமல், வானத்தைப் பார்த்துச் சாய்த்து, குட்டையான நான்கு கால்களில் நிறுத்தினார்கள். அதில் பெரும்பகுதி இயக்குநரின் முகம். மிச்சமிருந்த இடத்தில் 'பசுமையே நம் முகம்' என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே, 'புல்லை மிதிக்கக் கூடாது.'

பலகையை நட்டவரிடம், என் வீட்டுப் புல்லை என் மகள் மிதிக்கலாமா என்று கேட்டேன்.

"கூடாதும்மா. எல்லாருக்கும் ஒரே பலகைதான்."

"அவ நடக்கணும்னுதாண்ணே இந்த வீட்டுக்கே வந்தோம்."

"தாராளமா நடக்கட்டும். புல்லு மேலதான் கூடாது. சுத்தி நடக்கலாம்."

சுற்றி இருந்தது சாக்கடை மூடி.

எங்கள் வீட்டில் அந்தப் பலகையை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் என் மாமனார். பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், விசிலைக் கொடுக்கவில்லை. இத்தனை வருஷமாக அந்த விசிலுக்கு ஒரு வேலை தேடிக்கொண்டிருந்தார் என்பது புல் வந்த பிறகுதான் தெரிந்தது. காலையில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்காருவார். எரிவாயு உருளை கொண்டுவருகிறவர் புல் ஓரமாக ஒரு காலை வைத்தால் போதும், விசில் பறக்கும். பிறகு ஆள்காட்டி விரலை நீட்டி, "கூடாது" என்பார். தபால்காரருக்கு ஒரு கூடாது. பூனைக்கு ஒரு கூடாது. காக்காய்க்கு இரண்டு. என் மகள் அவர் விரலையும் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். அவளை யார் கொஞ்சம் நடக்கவைத்தார்கள் என்று கேட்டால், "நடந்தா புல்லுல போயிடுவா, அதான் தூக்கியே வெச்சிருந்தேன்" என்பார்.

என் வீட்டுக்காரர் மின்தூக்கி பழுதுபார்க்கிறவர். மேலேயும் கீழேயும் போய் வருவதே பிழைப்பாக இருந்த மனிதர், இப்போது வேலை விட்டு வந்ததும் மண்டியிட்டுவிட்டார். புல்வெட்டும் எந்திரம் வாங்கினார். அலுவலகச் சுவரில் இருந்த படத்தில் புல் கம்பளம் மாதிரி இருந்ததாம், அதனால் ஒட்ட வெட்டினார். அது வெயிலில் காய்ந்து நுனி சிவந்தபோது, இன்னும் ஒட்ட வெட்டினார். மண் தெரிந்தது. தண்ணீரைக் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று மேலாகத் தெளித்தார். வேர் எதற்காகக் கீழே போக வேண்டும், எல்லாம்தான் மேலேயே கிடைக்கிறதே என்று அதுவும் மேலேயே நின்றுவிட்டது.

தெரு முழுக்க இதே பித்து. முன்பெல்லாம் எதிரில் வந்தால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். இப்போது, "உங்க புல்லு எப்படி இருக்கு?" என்றார்கள். புல் வெட்டுவதற்கென்று ஒரு தொப்பி, அதைப் பார்ப்பதற்கென்று ஒரு தொப்பி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து, எங்கள் மதில்மேல் சாய்ந்துகொண்டு எங்கள் புல்லைப் பார்ப்பார். தம்முடையதைப் பார்த்ததைவிட எங்களுடையதைப் பார்த்ததுதான் அதிகம். இயக்குநர் மாதிரியே ஒருக்களித்துப் படுத்துப் படம் எடுத்துக்கொள்ள எல்லோருக்கும் ஆசை. ஆனால் மிதிக்கக் கூடாதே. ஆகவே சாக்கடை மூடியில் படுத்துக்கொண்டு, பின்னால் புல் தெரிகிற மாதிரி எடுத்துக்கொண்டார்கள். படத்தில் எல்லோரும் மூக்கைச் சுளித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருக்கையில் எங்கள் புல்வெளியில் ஒரு மஞ்சள் திட்டு விழுந்தது.

பலகைக்கு நேர் கீழே விழுந்தது. நான்கு மூலையும் வைத்து, அளந்து வெட்டின மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் துறையிலிருந்து பூச்சி ஆய்வாளர் வந்தார். குனிந்து பார்த்தார். ஒரு புல்லைப் பிடுங்கி முகர்ந்தார்.

"பூச்சி" என்றார்.

எந்தப் பூச்சி என்று கேட்டேன். கடையில் என் பழக்கம் அது. இருமல் என்று யாராவது மருந்து கேட்டால், சளியோடா சளி இல்லாமலா என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்க மாட்டேன். ஆய்வாளர் என்னைப் புதிதாகப் பார்த்தார். பூச்சி என்றால் பூச்சிதானாம், அதில் எந்த என்று ஒன்று கிடையாதாம்.

"சார், சதுரமா இருக்கே. பூச்சி மூலை வெச்சுத் திங்குமா?"

"ஒழுங்கான பூச்சியா இருக்கும்."

"பலகை அளவுக்குச் சரியா இருக்கு சார். வெயிலு படாமத்தான் வெளுத்துப்போச்சுன்னு தோணுது."

ஆய்வாளர் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். பலகையில் இருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "அம்மா, இயக்குநர் முகத்து நிழல் பட்டுப் புல்லு செத்துப்போச்சுன்னு நான் மேல போய்ச் சொல்லணுமா? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு நிமிஷம் பரிதாபம் வந்தது. அடுத்த நிமிஷம் அவர் வாளி கேட்டார்.

துறையின் சோதனை முறை எளிமையானது. வாளித் தண்ணீரில் சோப்புத்தூளைக் கரைத்துப் புல்மேல் ஊற்ற வேண்டும். மண்ணுக்குள் இருப்பவை எரிச்சல் தாங்காமல் வெளியே வரும், வருவதை எண்ண வேண்டும். ஊற்றினார். காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் எறும்புகள் வந்தன. கருவண்டு ஒன்று அவசரமாக வந்தது. பிள்ளைப்பூச்சி ஒன்று. இரண்டு சிலந்திகள். கடைசியாக ஒரு மண்புழு, தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி தலையை மட்டும் நீட்டியது. ஆய்வாளர் எல்லாவற்றையும் எண்ணினார்.

"மண்புழு எப்படி சார் பூச்சியாகும்?"

"வெளிய வந்துச்சுல்ல?"

"சிலந்தியும் வண்டும் மத்த பூச்சியைத் திங்குமே. அதுங்க நம்ம பக்கம்தானே?"

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். நல்லது எது, கெட்டது எது என்று பிரிக்கும் அதிகாரம் துறைக்கு இல்லை. அது நீதிமன்றத்தின் வேலை. துறையின் வேலை எண்ணுவது. எண்ணிக்கை கூடினால் மருந்து. மருந்து அடித்தால் மஞ்சள் கொடி. கொடி இருக்கும்வரை குழந்தைகள், வயதானவர்கள், வாயில்லா ஜீவன்கள் யாரும் அண்டக் கூடாது. மூன்றாவது கொடி வாங்குகிற வீட்டுக்கு முகப்பு உரிமை ரத்தாகும், அதாவது வாசலில் கான்கிரீட் போட்டு மூடிவிடுவார்கள். பூச்சிப் பிரச்சினைக்கு அதுதான் நிரந்தரத் தீர்வு என்று ஆணையிலேயே இருக்கிறதாம்.

அவர் சொன்னதில் என் காதில் விழுந்தது கான்கிரீட் ஒன்றுதான். ஐந்தாவது மாடியில் இருந்ததும் அதுதானே. அதை விட்டு இறங்கி வந்து, மறுபடியும் அதன்மேலா என் மகள் நடக்கப் பழக வேண்டும்?

மருந்து அடித்தார்கள். கடையில் தலைவலிக்காரர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். வலி எந்தப் பக்கம் என்று நான் கேட்பதற்குள் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தண்ணீர் கேட்பார்கள். ஆனால் தலைவலிக்காரனை விட்டுவிட்டு அவன் குடும்பத்தில் மற்ற எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கிற வைத்தியத்தை அன்றுதான் பார்த்தேன். பலகை அங்கேயே நின்றது. மஞ்சள் சதுரமும் அங்கேயே இருந்தது. இரண்டாவது கொடி வர அதிக நாள் ஆகவில்லை.

முதல் கொடி வந்ததுமே பக்கத்து வீட்டுக்காரர் எங்களோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். அவருடைய பலகைக்குக் கீழேயும் சதுரம் விழுந்த அன்று மறுபடியும் பேச ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரு கொடி, இரண்டு கொடி என்று ஆகிவிட்டது. அப்போதுதான் என் வீட்டுக்காரரின் மூளை வேலை செய்தது. மின்தூக்கியிலே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிற மூளை அது.

"சோதனைக்கு முந்தின நாளே நாம சோப்புத் தண்ணி ஊத்திடுவோம். வர்றதையெல்லாம் வாளியில அள்ளிடுவோம். அவரு வந்து ஊத்தும்போது எது இருக்கும், வர்றதுக்கு?"

"அள்ளி எங்க போடறது?"

அவர் மதிலைப் பார்த்தார்.

நான் நியாயம் பேசுகிறவள்தான். ஆனால் மூன்றாவது கொடிக்கு முன்னால் நின்றுகொண்டு நியாயம் பேசிப் பார்த்தவர்கள் சொல்லட்டும். அவர் அள்ளினார், நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் மங்கின நேரத்தில், எங்கள் வண்டுகளும் சிலந்திகளும் எறும்புகளும் மண்புழுக்களும், அவற்றோடு ஒரு கிழட்டுத் தேரையும் பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தன. மறுநாள் ஆய்வாளர் வந்து ஊற்றினார். ஒன்றும் வரவில்லை. 'பூச்சியற்ற முகப்பு' என்று சொல்லிப் பச்சைக் கொடி நட்டார். மாமனார் விசில் ஊதிக் கொண்டாடினார்.

மூக்குக்கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடி வைத்திருப்பவர். தம் வாசலில் புதிதாகக் குடிவந்த கூட்டத்தை அவர் கவனிக்காமல் இருப்பாரா? ஆனால் சண்டைக்கு வரவில்லை. சோப்புத்தூள்தான் வாங்கப் போனார். அவர் வீட்டுப் பூச்சிகளும் எங்கள் வீட்டுப் பூச்சிகளும் ஒன்றாகச் சேர்ந்து அடுத்த மதிலைத் தாண்டின. அந்த வீட்டிலிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு. யாரும் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை. தெருவில் அப்படி ஒரு ஒற்றுமையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எல்லா வாசலிலும் பச்சைக் கொடி பறந்தது. கடைசி வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் துறையின் அலுவலகம், அதன் முன்னால் துறையின் மாதிரிப் புல்வெளி.

பச்சைக் கொடி பறக்கையில் புல் சாகத் தொடங்கியது. இந்தத் தடவை சதுரமாக அல்ல, முழுதாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஒரு பிடி புல்லை இழுத்தார். எங்கள் புல்வெளி வந்த வழியிலேயே திரும்பப் போகிற மாதிரி பாயாகச் சுருண்டுகொண்டு கையோடு வந்தது. கீழே ஒரு வேர்கூட இல்லை. வெள்ளை வெளேரென்று வளைந்த புழுக்கள் கிடந்தன, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் பருமன். வேரைத் தின்கிற புழு. சோப்புத் தண்ணீருக்கெல்லாம் அசைகிற ஜாதி இல்லை. அது பாட்டுக்கு ஆழத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்திருக்கிறது. அதைத் தின்ன வேண்டிய வண்டையும் எறும்பையும் தேரையையும் மதிலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, நாங்கள் கொடியைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

ஆய்வாளரைக் கூப்பிட்டோம். வந்தார், கரைத்தார், ஊற்றினார், காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"பூச்சி இல்ல."

"சார், இதோ கையில வெச்சிருக்கேனே" என்று என் வீட்டுக்காரர் உள்ளங்கையை நீட்டினார். அதில் நான்கு புழுக்கள் நெளிந்தன.

"நீங்க தோண்டி எடுத்தது செல்லாது. விதிப்படி அதுவா வெளிய வரணும்."

ஆகவே எங்கள் தெருவில் இருந்த அத்தனை புல்லும் இயற்கை மரணம் எய்தியதாகத் துறை தெரிவித்தது. துயரில் பங்குகொள்வதாகவும் சொன்னது.

இதற்குள் மாதிரிப் புல்வெளி என்ன ஆயிற்று என்றால், செழித்துவிட்டது. இயக்குநரின் புல்வெளியில் சோப்புத் தண்ணீர் ஊற்றுகிற துணிச்சல் ஆய்வாளருக்கு இல்லை. அதனால் மருந்து அடிக்கவில்லை. புல்வெட்டும் எந்திரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார்கள், பழுதுபார்க்கும் உத்தரவு பரிசீலனையில் இருந்தது. அதனால் வெட்டவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறக்கிறவர் நினைத்தபோது வருவார், வந்தால் மூட மறந்துவிட்டுப் போவார். அதனால் தண்ணீர் ஆழமாக இறங்கியது. போதாததற்கு, தெருவில் இருந்த அத்தனை நல்ல பூச்சிகளையும் நாங்களே வாளியில் சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்திருந்தோம். கணுக்கால் உயரத்துக்குப் புல் நின்றது. இயக்குநருக்கு விருது கிடைத்தது. அயராத உழைப்பு இருந்தால் எந்த வெயிலிலும் புல் வளரும் என்று அவர் விழாவில் பேசினார். தெருவில் புல் செத்ததற்குப் பொதுமக்களின் ஒத்துழைப்பின்மையே காரணம் என்றும் வருத்தப்பட்டார்.

எல்லாம் எங்கள் பூச்சிகள் செய்த வேலை என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. கூட்டமாகப் போய் அவரைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போனேன். அந்தப் புல்லில் ஒரு தடவையாவது அவளை இறக்கிவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம், மனு கினு எல்லாம் சாக்கு.

இயக்குநர் மாதிரிப் புல்வெளி ஓரத்திலேயே எங்களைச் சந்தித்தார். மூக்குக்கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் பூச்சிகளை எங்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொண்டார்.

"இந்த மதிலுக்குள்ள இருக்கற எல்லாமே துறையோட சொத்து" என்றார் இயக்குநர். "உங்களுதுன்னு எப்படிச் சொல்றீங்க? அடையாளம் ஏதாவது இருக்கா?"

மூக்குக்கண்ணாடிக்காரர் யோசித்தார். தம் வீட்டுக் கருவண்டு ஒன்றுக்கு இடது பக்கம் ஒரு கால் இல்லை என்றார். இயக்குநர் அதைக் கவனத்தில் கொள்வதாகவும், கால் இல்லாத வண்டு தானாக முன்வந்தால் உரிய நடவடிக்கை எடுப்பதாகவும் உறுதியளித்தார்.

எல்லோரும் வண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் மெதுவாக மகளைப் புல் ஓரத்தில் இறக்கினேன். அவள் காலுக்கு முன்னால் அவ்வளவு பச்சை. ஒரு வெட்டுக்கிளி துள்ளியது. அவள் ஒரு காலைத் தூக்கினாள். தூக்கிய காலை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டாள். அதே சமயம் இயக்குநர், எங்களுக்குப் புல்லின் உயரத்தைக் காட்டுவதற்காக அதன்மேல் ஒரு காலை வைத்தார். என் மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

"ஊடாது" என்றாள்.

அதுதான் அவள் பேசிய முதல் சொல். அம்மா என்பாள் என்று நான் காத்திருந்தேன். அப்பா என்பாள் என்று என் வீட்டுக்காரர் பந்தயம் கட்டியிருந்தார். கூட்டம் முழுக்கக் கைதட்டியது, மாமனார் பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் நிஜமாகவே அழுகை வந்தது. அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்து வைத்தேன்.

இயக்குநர் காலை எடுத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை, மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒரு பச்சைக் குழந்தைக்கே துறையின் கொள்கை புரிந்துவிட்டது, பெரியவர்களுக்குத்தான் புரியவில்லை என்றார். உடனே படக்காரரைக் கூப்பிட்டு, விரலை நீட்டியபடி இருக்கும் என் மகளைப் படம் எடுக்கச் சொன்னார்.

அடுத்த மாதமே திட்டத்தின் இரண்டாம் கட்டம் வந்தது. எல்லா வீட்டு வாசலிலும் இருந்த செத்த புல்லை வாரிவிட்டு, பிளாஸ்டிக் புல் விரித்தார்கள். பழைய பலகைகளில் புதிய படம் ஒட்டினார்கள். இயக்குநரின் முகம் ஓரத்தில் சின்னதாகப் போயிற்று. நடுவில் என் மகள், விரலை நீட்டிக்கொண்டு. கீழே அதே வாசகம்.

பிளாஸ்டிக் புல்லில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், புழு தின்னாது. என் வீட்டுக்காரர் காலையில் அதைத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு, பார்ப்பதற்கான தொப்பியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். மதியம் மட்டும் அதன் பக்கம் போக முடியாது. தோசைக்கல் மாதிரிக் காயும். என் மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். யாரும் பார்க்காதபோது ஒரு தடவை அதில் காலை வைத்துவிட்டு, வீடே அதிரும்படி கத்தினாள். நான்தான் அவள் காலுக்கு மருந்து போட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

ஆனால் குழந்தைகள் எப்படியோ கண்டுபிடித்துவிடுகின்றன. பலகைக்குக் கீழே கட்டில் அகலத்துக்கு நிழல் இருந்தது. அங்கே மட்டும் சூடு இல்லை. அவள் குனிந்து உள்ளே போய், பலகையின் இந்தக் காலிலிருந்து அந்தக் கால் வரை நடப்பாள், திரும்பி நடப்பாள். மேலே அவள் படம் மிதிக்கக் கூடாது என்று விரலை ஆட்டிக்கொண்டிருக்கும், கீழே அவள் மிதித்துக்கொண்டிருப்பாள். அவ்வளவாவது கிடைத்ததே என்று நான் தேற்றிக்கொண்டேன். மற்ற வீட்டுக் குழந்தைகளும் அப்படியே செய்ய ஆரம்பித்தன. தெருவே சேர்ந்து துறைக்கு ஒரு மனு கொடுத்தது. பிளாஸ்டிக்கை எடுக்கச் சொல்லி அல்ல. பலகையை இன்னும் பெரிதாக வைக்கச் சொல்லி. முதல் கையெழுத்து என்னுடையது.

மனுவின்மேல் நடவடிக்கையாகப் போன வாரம் ஆய்வாளர் வந்தார். வாசலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. வெயிலில் பிளாஸ்டிக் எல்லாம் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது, பலகைக்குக் கீழே மட்டும் வெளுக்காமல் கரும்பச்சையாக ஒரு சதுரம். நான்கு மூலையும் சரியாக இருந்தது.

"பூச்சி" என்றார்.

"சார், இது பிளாஸ்டிக்கு."

"அதனாலதாம்மா கவலையா இருக்கு. புது வகை."

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வாளியில் சோப்புத்தூளைக் கரைத்துவிட்டார். பலகைக்குக் கீழே கொண்டுபோய் ஊற்றினார். தள்ளி நின்று காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு தும்மல் கேட்டது. நுரையும் ஈரமுமாக, கண்ணைக் கசக்கிக்கொண்டு என் மகள் வெளியே வந்தாள்.

"ஒண்ணு" என்று ஆய்வாளர் எண்ணிக்கொண்டார்.

"சார், அது எம்பொண்ணு."

"வெளிய வந்துச்சுல்ல?" என்றார்.

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காலி வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.